நடந்தால் மட்டும் போதுமா பெருசு?

அறுபது வயது தாண்டிய ஆம்பளைக்கு நம்மூரில் கிடைக்கும் அறிவுரை எப்போதும் ஒன்றுதான். "தினமும் நடங்க." சுகரா? நடங்க. பி.பி.யா? நடங்க. மூட்டு வலியா? மெதுவா நடங்க. தூக்கம் வரலையா? சாப்பிட்டுட்டு ஒரு ரவுண்டு நடங்க. டாக்டர், மகன், மருமகள், டீக்கடை பெஞ்சில் பேப்பர் படிக்கிறவர், வாட்ஸப்பில் காலை வணக்கம் அனுப்புகிற சித்தப்பா என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்லும் விஷயம் உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

நடக்கச் சொல்வதில் தப்பே இல்லை. அதோடு நிறுத்திக்கொள்கிறார்களே, அங்கேதான் தப்பு. நடை என்பது பாதி வைத்தியம். மீதிப் பாதி தசைக்கு வலு ஏற்றுவது. இரண்டையும் சேர்த்துச் சொல்லாத அறிவுரை, ஒற்றைக் காலுக்குச் செருப்பு வாங்கிக் கொடுத்துவிட்டு "போய்ட்டு வாங்க" என்று அனுப்புகிற மாதிரி.

இது யாரோ ஜிம் வைத்திருப்பவர் கிளப்பிவிட்ட கதை கிடையாது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டி என்ன சொல்கிறது தெரியுமா? 65 வயதைத் தாண்டியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான வேகத்தில் மூச்சு வாங்கும் பயிற்சி செய்ய வேண்டும். இது முதல் வரி. வாரத்தில் குறைந்தது 2 நாள் உடம்பின் பெரிய தசைகளுக்கெல்லாம் வலுவூட்டும் பயிற்சி செய்ய வேண்டும். இது இரண்டாவது வரி. கீழே விழாமல் இருக்க, சமநிலையும் வலுவும் கலந்த பயிற்சியை வாரம் 3 நாள் செய்ய வேண்டும். இது மூன்றாவது வரி. ஜெனீவாவில் கிளம்பிய மூன்று வரியில் முதல் வரி மட்டும்தான் போடிநாயக்கனூர் வரைக்கும் பஸ் பிடித்து வந்திருக்கிறது. மற்ற இரண்டும் வழியிலேயே எங்கேயோ இறங்கிவிட்டன.

அரசாங்கமும் இதில் விதிவிலக்கில்லை. 2023இல் "நடப்போம் நலம் பெறுவோம்" என்று 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளை அறிமுகப்படுத்தினார்கள். நல்ல காரியம், கைதட்டலாம். ஆனால் "தூக்குவோம் நலம் பெறுவோம்" என்று இதுவரைக்கும் ஒரு போர்டையாவது யாராவது பார்த்ததுண்டா?

எது முதலில் கைவிடுகிறது?

சிலமலையில் 65 வயதுப் பெரியவர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். காலையில் தேவாரம் ரோட்டில் முக்கால் மணி நேரம் நடக்கிறார். மூச்சு வாங்குவதில்லை. "எனக்கென்னப்பா, கல்லு மாதிரி இருக்கேன்" என்கிறார். நல்லது. இப்போது அவர் ஒரு நாளில் எங்கெங்கே திணறுகிறார் என்று பாருங்கள். தரையில் உட்கார்ந்து பந்தியில் சாப்பிட்டுவிட்டு எழும்போது ஒரு கை பக்கத்துத் தோளைத் தேடுகிறது. இந்திய முறைக் கழிப்பறையில் குத்தவைத்தால் எழுந்திரிக்கச் சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. பஸ்ஸின் முதல் படி உயரமாகத் தெரிகிறது. மலைக்குப் போகிற ஜீப்பின் பின்பக்கம் ஏற யாராவது கை கொடுக்க வேண்டும். தண்ணீர் கேனைத் தூக்கிக் கவிழ்க்கப் பேரனைக் கூப்பிட வேண்டும்.

இதில் எந்த இடத்திலும் அவருடைய நடை அவரைக் கைவிடவில்லை. கைவிட்டது தொடை, இடுப்பு, முதுகு, கைப்பிடி. ஒருவர் அடுத்தவர் உதவி இல்லாமல் வாழ முடிகிறதா என்பதை முடிவு செய்வது எத்தனை கிலோமீட்டர் நடந்தார் என்ற கணக்கு மட்டுமல்ல. உட்கார்ந்த இடத்திலிருந்து கையை ஊன்றாமல் எழ முடிகிறதா என்பதும்தான்.

சோதித்துப் பார்க்க லேப் தேவையில்லை. ஆசிய நாடுகளின் தசைக்குறைவு ஆய்வுக் குழு 2019இல் சொன்ன எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, 5 தடவை எழுந்து உட்கார வேண்டும். 12 நொடிக்கு மேல் ஆனால் எச்சரிக்கை மணி. இன்றைக்கு வீட்டில் அப்பாவையோ தாத்தாவையோ செய்யச் சொல்லிப் பாருங்கள், மக்களே. நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போடுங்கள், பக்கத்தில் நின்றுகொள்ளுங்கள். தினமும் வாக்கிங் போகிற பலரே இதில் தடுமாறுவதைப் பார்க்கலாம்.

தேய்மானக் கணக்கு

காமர்ஸ் படிக்கிறவர்களுக்குத் தேய்மானம் என்றால் சொல்லித் தர வேண்டியதில்லை. மிஷின் வாங்கிய நாளிலிருந்தே அதன் மதிப்பு குறைகிறது. வருஷா வருஷம் அதைக் கணக்கில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் ஐந்தொகையில் சொத்து கொழுத்துத் தெரியும், ஒரு நாள் மிஷின் நின்றுபோகும்போதுதான் உண்மை தெரியும்.

உடம்பிலும் இரண்டு கணக்கு ஓடுகிறது. ஒன்று இதயமும் நுரையீரலும் சேர்ந்து தசைக்கு ஆக்சிஜன் கொண்டுபோகும் திறன். நடுவயதுக்குப் பிறகு இது பத்து வருஷத்துக்கு ஏறக்குறைய 10 சதவீதம் குறைகிறது. இன்னொன்று தசை. ஐம்பது வயதுக்கு மேல் அதன் அளவு வருஷத்துக்கு 1 சதவீதம் போலக் கரைகிறது. அளவை விட வேகமாகக் குறைவது வலு. எழுபதைத் தாண்டினால் வருஷத்துக்கு 3 சதவீதம் வரைக்கும் போகிறது. இந்தத் தசைத் தேய்மானத்துக்கு 'சார்கோபீனியா' என்று 1989இல்தான் பெயர் வைத்தார் இர்வின் ரோசன்பர்க் என்ற அமெரிக்க ஆய்வாளர். அதுவரைக்கும் அதற்கு உலகம் வைத்திருந்த பெயர் "வயசானா அப்படித்தான்".

நடை முதல் கணக்கைச் சரி செய்கிறது. இரண்டாவது கணக்கில் அது செலுத்துவது சில்லறை. காரணம் ரொம்ப எளிது. தசை வளர வேண்டுமென்றால் பழகிய சுமைக்கு மேலே ஒரு சுமை அதன் மேல் விழ வேண்டும். நாற்பது வருஷமாகத் தூக்கிக்கொண்டு நடக்கும் அதே உடம்பை இன்றைக்கும் அதே தரையில் தூக்கிக்கொண்டு நடந்தால் தசைக்கு என்ன புதுச் செய்தி போகும்?

தசை கரைவது வெறும் அழகுப் பிரச்சினையும் அல்ல. சாப்பிட்ட பிறகு இரத்தத்தில் ஏறும் சர்க்கரையைப் பெருமளவு வாங்கி வைத்துக்கொள்ளும் கிடங்கு தசைதான். கிடங்கு சுருங்கினால் சரக்கு தெருவில் கிடக்கும். இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல் என்று 2023இல் ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொன்னது. அதில் எத்தனை பேரிடம் "வாரம் ரெண்டு நாள் எடை தூக்குங்க" என்று யாராவது சொல்லியிருப்பார்கள்?

"தோட்ட வேலை பாக்குறவனுக்கு எதுக்குய்யா எக்சசைஸ்?"

சிலமலை, ராசிங்காபுரம் பக்கம் இந்த வாதம்தான் முதலில் வரும். இது ஏலக்காய் நாடு. போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் கம்பத்திலிருந்தும் விடிகாலையில் ஜீப் ஜீப்பாக ஆட்கள் இடுக்கிப் பக்கத்துத் தோட்டங்களுக்கு மலை ஏறுகிறார்கள். களையெடுப்பு, மருந்தடிப்பு, காய் பறிப்பு, மூட்டை சுமப்பு. "எங்க ஆளுகளுக்கு உடற்பயிற்சியா? வேலையே உடற்பயிற்சிதானப்பா!" என்று சிரிப்பார்கள்.

சிரிக்கலாம். ஆனால் வேலையும் பயிற்சியும் ஒன்றல்ல. 2021இல் ஐரோப்பிய இதய மருத்துவ இதழில் வந்த கோபன்ஹேகன் ஆய்வு ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களைப் பார்த்தது. ஓய்வு நேரத்தில் உடம்பை அசைப்பவர்களுக்கு மாரடைப்பும் மரணமும் குறைவாக இருந்தன. பிழைப்புக்காக உடம்பை அசைப்பவர்களுக்கோ அவை அதிகமாக இருந்தன. வாழ்க்கைமுறை, உடல்நிலை, வசதி ஆகியவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் அப்படித்தான். இதற்கு என்ன காரணம் என்று இன்னமும் விவாதம் நடக்கிறது. ஆனால் ஒரு விளக்கம் ஏலத்தோட்டத்தைப் பார்த்த யாருக்கும் புரியும். பயிற்சி என்றால் கொஞ்ச நேரம் கஷ்டப்பட்டு, நிறைய நேரம் ஓய்வெடுத்து, அடுத்த தடவை கொஞ்சம் கூடச் செய்வது. வேலை என்றால் எட்டு மணி நேரம் குனிந்தே நிற்பது, ஓய்வில்லாமல் மறுநாளும் போய் நிற்பது, சுமையைக் கூட்டவோ குறைக்கவோ தொழிலாளிக்கு உரிமை இல்லாமல் இருப்பது. முதலாவது உடம்பைக் கட்டுகிறது. இரண்டாவது உடம்பைச் செலவழிக்கிறது.

இன்னொன்றும் உண்டு. வேலை ஒரு நாள் நிற்கும். முட்டி வலி வந்து, கண் மங்கி, "இனிமே மலைக்கு வேணாம்ப்பா" என்று வீட்டில் உட்காரும் நாளில் மலை ஏறிய கால் திண்ணையில் நீட்டிக்கொள்ளும். சைக்கிள் போய் டி.வி.எஸ். எக்ஸெல் வந்து ரொம்ப நாளாச்சு. முன்னே நடந்தே போன தூரத்துக்கு இப்போது ஷேர் ஆட்டோ இருக்கிறது. நாற்பது வருஷத்து உழைப்பின் வலுவை வங்கியில் போட்டு வைத்து வட்டி சாப்பிட முடியாது. எடுத்து எடுத்துத் தின்றால் சில வருஷத்தில் கணக்கு காலி.

"இந்த வயசுல வெயிட்டா? ஏதாவது ஆயிடுச்சுன்னா?"

அடுத்த வாதம் இது. பயம் நியாயமானதுதான். ஆனால் அந்தப் பயத்துக்கு 1990லேயே பதில் வந்துவிட்டது. மரியா ஃபியாட்டரோன் என்ற மருத்துவர் பாஸ்டனில் ஒரு முதியோர் மறுவாழ்வு மையத்தில் 10 பேரைச் சேர்த்தார். எல்லோரும் 86லிருந்து 96 வயது. மறுபடியும் படியுங்கள், எண்பத்தாறிலிருந்து தொண்ணூற்றாறு. தொடைத் தசைக்கு 8 வாரம் நிஜமான எடைப் பயிற்சி கொடுத்தார்கள். சும்மா கையை ஆட்டுகிற பயிற்சி இல்லை, அவரவர் தூக்க முடிந்த உச்ச எடையில் 80 சதவீதம் வரைக்கும் ஏற்றினார்கள். வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

"பத்தே பேர்தானே?" என்று கேட்பீர்கள். அதே குழு 1994இல் 100 பேரை வைத்துச் செய்தது. சராசரி வயது 87. 10 வாரம். வலு 113 சதவீதம் கூடியது, நடை வேகமும் படியேறும் திறனும் கூடின. அதில் ஒரு பிரிவினருக்குப் பயிற்சி இல்லாமல் சத்துப் பானம் மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. தாத்தாவுக்கு டப்பா டப்பாவாகச் சத்து மாவு வாங்கித் தருகிற பேரன்மார் இந்த ஒரு வரியை எழுதி வைத்துக்கொள்ளலாம்.

இந்த இடத்தில் ஒரு டிஸ்கி அவசியம். கட்டுக்கடங்காத பி.பி., சமீபத்தில் வந்த மாரடைப்பு, குடல் இறக்கம், சர்க்கரையால் கண் நரம்பில் பாதிப்பு இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் எடையைத் தொடக் கூடாது. மற்றவர்களும் மூச்சை அடக்கிக்கொண்டு தூக்கக் கூடாது, பி.பி. எகிறும். தூக்கும்போது மூச்சை விட வேண்டும், இறக்கும்போது இழுக்க வேண்டும். இவ்வளவு சொன்ன பிறகும் "ஆபத்து" என்பவர்களிடம் ஒரு கேள்வி. எழுபது வயதில் குளியலறையில் வழுக்கி இடுப்பு எலும்பு முறிவது ஆபத்தில்லையா? அந்த ஆபத்தை யார் கணக்கில் எழுதுவது?

ஜிம் பையன்களின் மூடநம்பிக்கை

பெரியவர்கள் பக்கம் மட்டும் அடி விழுந்தால் நியாயமில்லை. எடை பக்கம் நிற்கிற இளசுகளிடமும் ஒரு வேதவாக்கு இருக்கிறது. "கார்டியோ பண்ணா மசில் போயிரும் ப்ரோ." ஆக, ஓடுகிறவன் தூக்கக் கூடாது, தூக்குகிறவன் ஓடக் கூடாது. அப்பாவை ஜிம்முக்குக் கூட்டிப் போகும் அபூர்வமான மகனும் "நடையை விட்டுட்டு வெயிட் மட்டும் பண்ணுங்கப்பா" என்கிறான்.

இந்த நம்பிக்கைக்கு ஒரு பூர்வீகம் இருக்கிறது. 1980இல் ராபர்ட் ஹிக்சன் ஒரு சோதனை செய்தார். ஒரு குழு எடை மட்டும், ஒரு குழு ஓட்டமும் சைக்கிளும் மட்டும், ஒரு குழு இரண்டும். 10 வாரம். இரண்டும் செய்த குழுவின் வலு, எடைக் குழுவோடு சேர்ந்தே ஏறி, ஏழாவது வாரத்துக்கு மேல் நின்று, கடைசியில் இறங்கியது. இதுதான் அந்தப் பிரபலமான 'குறுக்கீடு'. ஆனால் அவர்கள் எவ்வளவு செய்தார்கள் என்பதை ஜிம்மில் யாரும் சொல்வதில்லை. வாரத்தில் 5 நாள் கடுமையான எடை, அதற்கு மேல் 6 நாள் கடுமையான ஓட்டமும் சைக்கிளும். அப்படிச் செய்தால் உடம்பு எப்போதுதான் ஓய்வெடுத்து வளரும்?

சிலமலைப் பெரியவர் வாரம் 11 தடவை பயிற்சி செய்யப் போவதில்லை. அவருக்குப் பொருந்தும் ஆய்வு வேறு. 2004இல் ஸ்பெயினில் இஸ்கியெர்டோ குழுவினர் 65 முதல் 74 வயது வரையுள்ள ஆண்களை வைத்து 16 வாரம் நடத்தியது. முதல் குழு வாரம் 2 நாள் எடை. இரண்டாவது குழு வாரம் 2 நாள் சைக்கிள். மூன்றாவது குழு ஒரு நாள் எடை, ஒரு நாள் சைக்கிள். முடிவில் கால் வலு எடைக் குழுவுக்கு 41 சதவீதம் கூடியது. சைக்கிள் குழுவுக்கு 11 சதவீதம். ஒன்றுக்கொன்று கலந்து செய்தவர்களுக்கு? 38 சதவீதம்! எடையில் பாதி நேரம்தான் செலவழித்தார்கள், பலன் ஏறக்குறைய முழுசு. சைக்கிள் மிதிக்கும் திறனிலும் அவர்கள் பின்தங்கவில்லை. குறைந்த முதலில் இரண்டு வியாபாரம், இரண்டிலும் லாபம். இதைவிட நல்ல முதலீட்டை எந்தப் பாடப்புத்தகத்தில் காட்ட முடியும்?

இன்னும் வேண்டுமா? 2017இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வில்லாரியல் குழுவின் ஆய்வு வந்தது. 65 வயதுக்கு மேற்பட்ட, உடல் பருமனான 160 பேர். எடை குறைக்க உணவுக் கட்டுப்பாட்டோடு ஒரு பிரிவுக்கு மூச்சு வாங்கும் பயிற்சி, ஒரு பிரிவுக்கு வலுப் பயிற்சி, ஒரு பிரிவுக்கு இரண்டும். ஆறு மாதம் கழித்து அன்றாடக் காரியங்களைச் செய்யும் திறனை அளந்தார்கள். தனித்தனியாகச் செய்தவர்களுக்கு 14 சதவீதம் கூடியது. சேர்த்துச் செய்தவர்களுக்கு 21 சதவீதம். மூச்சுப் பயிற்சி மட்டும் செய்தவர்களின் உடம்பில் கொழுப்பு போனதோடு தசையும் 5 சதவீதம் போனது. சேர்த்துச் செய்தவர்களுக்கு 3 சதவீதம்தான். "நடந்து நடந்து இளைச்சிட்டேன்" என்று பெருமைப்படும் பெரியவர்கள் எது இளைத்தது என்று ஒரு தடவை கேட்டுக்கொள்வது நல்லது.

ஒரே நாளில் இரண்டையும் செய்வதாக இருந்தால் எது முதலில்? பிரேசிலில் காடோரி குழுவினர் முதிய ஆண்களை வைத்து இதையும் பார்த்திருக்கிறார்கள். எடையை முதலில் முடித்துவிட்டுச் சைக்கிள் மிதித்தவர்களுக்குக் கால் வலு அதிகம் கூடியது. ஆக, களைத்துப் போய் எடையைத் தொடாதீர்கள், அவ்வளவுதான்.

பி.பி. பார்க்கிறோம், பிடியைப் பார்க்கிறோமா?

சுகாதார நிலையத்துக்குப் போனால் முதலில் கையில் பட்டையைச் சுற்றி பி.பி. பார்க்கிறார்கள். 2015இல் லான்செட் இதழில் வந்த 'ப்யூர்' ஆய்வு இந்தியா உட்பட 17 நாடுகளில் ஏறக்குறைய 1,40,000 பேரின் கைப்பிடி வலுவை அளந்து சில வருஷம் பின்தொடர்ந்தது. பிடி 5 கிலோ குறைந்தால் சாவுக்கான வாய்ப்பு 16 சதவீதம் கூடுகிறது என்று கண்டார்கள். யார் முன்னதாகச் சாவார்கள் என்பதை பி.பி.யின் மேல் எண்ணை விடக் கைப்பிடி நன்றாகச் சொன்னது. பிடியை மட்டும் பிசைந்து பிசைந்து பலப்படுத்தினால் சாவு தள்ளிப்போகும் என்று இதற்கு அர்த்தமில்லை. கைப்பிடி, உடம்பு மொத்தத்தின் தசைக்கும் ஒரு சாளரம். ஆசியக் குழுவின் கணக்கில் ஆண்களுக்கு 28 கிலோவுக்குக் கீழே பிடி இறங்கினால் தசைத் தேய்மானம் என்று சந்தேகிக்க வேண்டும். இதை அளக்கும் கருவி உள்ளங்கையில் அடங்கும். பி.பி. மிஷினுக்குப் பக்கத்தில் இதற்கும் ஓர் இடம் கொடுத்தால் குடியா முழுகிவிடும்?

இளவட்டத்துக்கு மட்டும் கல்லா?

இதன் வேர் வேறெங்கோ இருக்கிறது. நம் ஊர்களில் வலு என்பது கல்யாணத்தோடு கட்டப்பட்ட விஷயம். இளவட்டக்கல் என்று பெயரிலேயே இளவட்டம் இருக்கிறது. நெல்லை மாவட்டம் வடலிவிளையில் பொங்கலுக்கு இன்னமும் அந்தக் கல்லைத் தூக்குகிறார்கள், பார்க்கவே ஆசையாக இருக்கும். ஆனால் கல்லைத் தூக்கிப் பெண் கட்டிய பிறகு? அப்புறம் கல் கோயில் வாசலில் கிடக்கும், மாப்பிள்ளை திண்ணையில் கிடப்பார். கர்லாக்கட்டை, தண்டால், பஸ்கி எல்லாம் மீசை முளைக்கும் வயதுக்கு. பேரன் எடுத்த பிறகு ஒருவர் தண்டால் எடுத்தால் "என்ன பெருசு, ரெண்டாவது கல்யாணமா?" என்று தெருவே சிரிக்கும். அந்தச் சிரிப்புக்குப் பயந்து எத்தனை தொடைகள் சூம்பிப் போயின என்று யாரும் எண்ணியதில்லை.

நடைக்கு மட்டும் மரியாதை உண்டு. வயதானவர் ஓடினால் கைதட்டுவோம். பஞ்சாபில் பிறந்த ஃபௌஜா சிங் 2011இல் நூறு வயதில் டொராண்டோ மாரத்தானை ஓடி முடித்தபோது உலகமே கொண்டாடியது. 2025 ஜூலையில் சாலையில் கார் மோதி அவர் இறக்கும் வரைக்கும் அவர் ஒரு அதிசயம். ஆனால் அதிசயத்தைப் பார்த்து ஆச்சரியப்படலாம், ஊருக்கே திட்டம் போட முடியாது. ஊருக்கு வேண்டியது மாரத்தான் இல்லை. எழுபது வயதில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத் தானாக எழுந்து கை கழுவப் போவது.

பெண்களுக்கும் இதே நியாயம்தான். சொல்லப்போனால் ஏலக்காய் பறிக்கும் கைகள் பெரும்பாலும் அவர்களுடையவை, அவர்களுக்குத் தனியாகவே ஒரு கட்டுரை வேண்டும். இங்கே ஆண்களைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம், தன் வலு குறைந்ததை ஒப்புக்கொள்ளவே ஒப்புக்கொள்ளாத ஜாதி அவர்கள்தான் என்பது.

காசு யாரிடம் இருக்கிறது?

"அதெல்லாம் பட்டணத்து ஆளுகளுக்குப்பா. ஜிம்முக்கு மாசம் ஆயிரம் ரூவா யாரு கட்டுறது?" நல்ல கேள்வி. ஆனால் திருப்பிக் கேட்கலாம். கட்டிலில் விழுந்த ஒருவரைப் பார்த்துக்கொள்ள எவ்வளவு ஆகும்? ஏலத்தோட்டக் கூலிக்குப் போனவர்களில் பெரும்பாலானோருக்கு மாதா மாதம் வீடு தேடி வரும் ஓய்வூதியம் கிடையாது. முதியோர் உதவித்தொகை 2023இல் 1,200 ரூபாயாக உயர்ந்தது. அந்தக் காசில் ஆள் வைத்துப் பார்க்க முடியுமா? கடைசியில் மகனோ மருமகளோ வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார வேண்டும். ஒரு கூலி நின்றால் ஒரு பிள்ளையின் படிப்பு ஆடும். தாத்தாவின் தொடை வலுவுக்கும் பேத்தியின் காலேஜ் ஃபீசுக்கும் இருக்கிற சம்பந்தம் இதுதான். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 10.4 சதவீதம். 2021க்கான மதிப்பீடு 13.6 சதவீதம். இது ஏறத்தான் போகிறது.

செலவும் ஒன்றும் பிரமாதமில்லை. வாரத்தில் இரண்டு நாள், அரை மணி நேரம் போதும். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது. சுவரில் கை ஊன்றித் தள்ளுவது. திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது. இரண்டு வாளியில் பாதித் தண்ணீர் நிரப்பி இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு முற்றத்தில் நடப்பது. பழைய சாக்குப் பையில் 5 கிலோ மணல் கட்டி, முதுகை வளைக்காமல் முட்டியை மடக்கித் தரையிலிருந்து தூக்குவது. ஒவ்வொன்றும் எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை, இரண்டு சுற்று. கடைசி இரண்டு தடவை கஷ்டமாக இருக்க வேண்டும். அது சுலபமாகிவிட்டால் கொஞ்சம் மணல் கூட்ட வேண்டும். இந்தக் 'கூட்டுவது'தான் முழு ரகசியமும். கூட்டாவிட்டால் அது வெறும் சடங்கு.

மற்ற மூன்று நாலு நாள் நடை. மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்கு இயற்கையே டிரெட்மில் போட்டுக் கொடுத்திருக்கிறது. ஏற்றத்தில் நடந்தால் மூச்சுக்குப் பயிற்சி, இறக்கத்தில் பார்த்து நடந்தால் தொடைக்குப் பிரேக் பிடிக்கும் பயிற்சி. பேசிக்கொண்டே நடக்க முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம்தான் கணக்கு.

சாப்பாட்டிலும் ஒரு வார்த்தை. முதியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும் என்று 2013இல் ஒரு சர்வதேச நிபுணர் குழு பரிந்துரைத்தது. 60 கிலோ ஆளுக்கு 60 முதல் 72 கிராம். சோறும் ரசமும் மட்டும் அங்கே கொண்டுபோய்ச் சேர்க்காது. ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. பருப்பு, தட்டைப்பயறு, நிலக்கடலை, மோர், முட்டை எதுவும் மலை தாண்டி வர வேண்டிய சரக்கல்ல. சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கேட்க வேண்டியது

அரசாங்கத்திடமும் கேட்க நிறைய இருக்கிறது. 2016இல் 500 ஊராட்சிகளில் பூங்காவோடு உடற்பயிற்சிக் கூடம் என்று அறிவித்தார்கள். உடற்பயிற்சிக் கூடம் என்ற சொல்லைக் கேட்டதுமே ஊரில் யார் முகம் நினைவுக்கு வருகிறது? பனியன் போட்ட பையன்கள் முகம்தானே? காலையில் ஒரு மணி நேரத்தைப் பெரியவர்களுக்கு என்று ஒதுக்கி, சொல்லித் தர ஒருவரை நிறுத்தினால் அதே கட்டடம் இரண்டு தலைமுறைக்கு உதவும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சுகர், பி.பி. மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோனது, இயன்முறை சிகிச்சையையும் கொண்டுபோனது. படுத்த பிறகு வந்து காலை நீட்டி மடக்குகிற அதே கைகள், படுப்பதற்கு முன்னாடியே வந்து நாற்காலியில் எழுந்து உட்காரச் சொல்லித் தந்தால் என்ன? மாத்திரையை எண்ணிக் கொடுக்கும்போதே "அஞ்சு தடவை எழுந்து உட்காருங்கய்யா, பாக்கலாம்" என்று சொல்ல 12 நொடிதான் ஆகும்.

டாக்டர்களிடம் ஒரு வேண்டுகோள். சீட்டில் "நடங்க" என்று எழுதிய பிறகு பேனாவை மூடாதீர்கள். "வாரம் 2 நாள் வலுப் பயிற்சி" என்று இன்னொரு வரி சேருங்கள். அமெரிக்க இதய சங்கமே 2007லும் 2023லும் வலுப் பயிற்சியை ஆதரித்து அறிக்கை வெளியிட்டாயிற்று. இதயத்துக்கே அது ஆகும் என்றால் பிறகு என்ன தயக்கம்?

பிள்ளைகளிடம் ஒன்று. அப்பா குனிந்து சிலிண்டரைத் தொடும்போது "விடுங்கப்பா, நான் தூக்குறேன்" என்று பாய்வது பாசம்தான். நிறைந்த சிலிண்டர் 30 கிலோ வரும், அதைத் தூக்கிக் கொடுங்கள், தப்பில்லை. ஆனால் காய்கறிப் பையையும் பிடுங்கி, தண்ணீர்க் குடத்தையும் பிடுங்கி, கடைசியில் டம்ளரையும் கையில் கொண்டுவந்து கொடுத்து அவரை நாற்காலியிலேயே உட்கார வைப்பதற்குப் பெயர் பாசம் இல்லை. தூக்க முடிந்ததைத் தூக்க விடுங்கள். அடுத்த மாசம் கொஞ்சம் கூடத் தூக்கச் சொல்லுங்கள். தெரு சிரித்தால் சிரிக்கட்டும். சிரிக்கிற தெருவில் யாரும் நாளைக்கு வந்து அவரைக் கட்டிலிலிருந்து எழுப்பிவிடப் போவதில்லை.